ஐந்து வேளை மாத்திரை

ஜூலை 20, ஞாயிறு

மாநிலக் கபடி நடுவர் தேர்வு செப்டம்பர் 14, மதுரையில். உறுதியாகிவிட்டது. எழுத்துத் தேர்வை ஏற்கெனவே முடித்துவிட்டேன். மிச்சம் இருப்பது களத் தேர்வு. ஒரு முழு ஆட்டத்தை ஒற்றை ஆளாய் நடத்திக் காட்ட வேண்டும். அதனால் இன்றிலிருந்து தினமும் எவ்வளவு ஓடினேன், எந்த விதியைப் படித்தேன் என்று எழுதி வைக்கப் போகிறேன்.

நான் சண்முகக்கனி. கோவில்பட்டி. பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பி.டி. டீச்சர். வயது நாற்பத்தேழு. நான் விசில் அடித்தால் ரயில்வே கேட்டில் போகிற சைக்கிள்காரன் இறங்கி நின்றுகொள்வான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, உண்மை அதுதான். களத் தேர்வில் பாதிப் பேர் விசிலில்தான் கோட்டை விடுகிறார்களாம். எனக்கு அந்தக் கவலை இல்லை.

இன்று ஐந்து சுற்று ஓடினேன். இடது காதுக்குள் குடைச்சல். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை இரண்டு சொட்டு விட்டேன். "ஆடிக்காத்துல காதைத் தொறந்து போட்டுக்கிட்டு ஓடாதன்னா கேக்கியா?" என்றார் என் வீட்டுக்காரர். அவர் மில்லில் ஃபிட்டர். மெஷின் சத்தத்தில் இருந்து இருந்து, வீட்டிலும் எதிர்வீட்டுக்குக் கேட்கும்படிதான் பேசுவார்.

ஜூலை 21, திங்கள்

காது மடலுக்குள் பொடிப் பொடியாகக் கொப்புளம். புதுசாக வாங்கின கவரிங் கம்மல் செய்த வேலை என்று கழற்றி எறிந்துவிட்டு, ஓட்டை தூர்ந்துவிடாமல் வேப்பங்குச்சி செருகிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கு இரண்டு சுற்று கூடுதல்.

ஜெசிந்தா காதைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்றாள். அவள் அறிவியல் டீச்சர். தலைவலி என்று சொன்னால்கூடப் படம் வரைந்து பாகம் குறிப்பாள். "காதுவலிக்கு ஆஸ்பத்திரி போனா, கால்வலிக்கு அமெரிக்காவா போறது?" என்றேன். மதியத்துக்கு மேல் லேசாகத் தலை சுற்றியது. வெயில்.

ஜூலை 22, செவ்வாய்

காலையில் வாய் கொப்பளித்தால் தண்ணீர் இடது ஓரமாக ஒழுகி ஜாக்கெட்டை நனைத்தது. கண்ணாடியில் பார்த்தேன். இடது பக்கம் முகம் தொங்கிக் கிடந்தது. கண்ணை மூடினால் வலது மூடுகிறது, இடது வெறித்துப் பார்க்கிறது.

இவர் விடியுமுன்பே குளித்துக் கோயிலுக்குப் போய்விட்டார். இன்று மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டு. இரண்டு வாரம் விரதம் இருந்து அக்கினிச்சட்டி எடுப்பார். கல்யாணமான வருஷத்திலிருந்து ஒரு வருஷமும் தவறியதில்லை.

இறைவணக்கத்துக்கு விசிலை வாயில் வைத்து ஊதினேன். புஸ் என்று காற்று போனது. மறுபடியும் ஊதினேன். புஸ். நான் வேடிக்கை காட்டுகிறேன் என்று நினைத்து முன்வரிசை சிரித்தது. ஜெசிந்தா மட்டும் சிரிக்கவில்லை. வரிசைக்கு நடுவில் வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஸ்கூட்டரில் ஏற்றினாள்.

காது டாக்டர் சின்ன வயசுக்காரர். கொப்புளத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், புருவத்தைத் தூக்கச் சொன்னார். எனக்கு ஒன்றுதான் ஏறியது.

"இது அக்கி. முகத்துக்குப் போற நரம்புலயும் காது நரம்புலயும் வந்திருக்கு. சின்ன வயசுல அம்மை போட்டிருக்கா?"

"ஏழு வயசுல."

"அதே கிருமிதான். அம்மை எறங்குனாலும் அது உடம்பை விட்டுப் போறதில்ல. நரம்போரமா படுத்துக் கெடக்கும். உங்களுக்கு இப்ப முழிச்சிருக்கு. அதை அடக்க மாத்திரை இருக்கு, ஒரு நாளைக்கு அஞ்சு வேளை. நரம்பு வீக்கத்துக்குத் தனியா எழுதுறேன். மூணு நாளைக்குள்ள ஆரம்பிச்சா நல்லா கேக்கும். நீங்க இன்னைக்கே ஆரம்பிங்க, ஒரு வேளைகூட விடக் கூடாது. கண்ணுக்குச் சொட்டு மருந்து. ராத்திரி கண்ணை மூடி பிளாஸ்திரி ஒட்டிக்கிடுங்க. மூடாத கண்ணு காஞ்சு புண்ணாயிரும்."

"விசில் அடிக்க முடியுமா சார்? செப்டம்பர்ல தேர்வு."

"மாத்திரையை ஒழுங்கா போடுங்க, பெறவு பேசுவோம்."

மாத்திரையை வாங்கிவிட்டேன். சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும். மதியம் சாப்பாடு இறங்கவில்லை, அதனால் போடவில்லை.

சாயங்காலம் இவர் கையில் மஞ்சள் காப்போடு வந்தார். என் முகத்தைப் பார்த்துப் பதறிப்போனார். "காத்து அடிச்சிருச்சுன்னு டாக்டர் சொன்னார்" என்றேன். அம்மை என்ற வார்த்தையை நான் எடுக்கவில்லை. "மாத்திரை குடுத்தாங்களா? போட்டியா?" என்றார். "ம்" என்றேன்.

காப்புக் கட்டின வீடு. வந்திருப்பது அம்மைக் கிருமி. அம்மை வந்த வீட்டில் மருந்து மாத்திரை எடுத்தால் ஆத்தாளை விரட்டுகிற மாதிரி. எனக்கு இதிலெல்லாம் ஒன்றுமில்லை, நான் படித்தவள். ஆனால் இவர் மனசு என்ன பாடுபடும்? விரதத்துக்கு ஒரு குறை வரலாமா? அவருக்காகத்தான் யோசிக்கிறேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

கண்ணுக்குச் சொட்டு மட்டும் விட்டேன். அது அம்மைக்கு இல்லை. வறட்சிக்குத்தான்.

ஜூலை 23, புதன்

லீவு சொல்லிவிட்டேன். வீடு கழுவினேன். வேப்பிலை ஒடித்து வந்து தலையணைக்கு அடியில் வைத்தேன். எல்லாம் இவருடைய நம்பிக்கைக்காக.

"என்ன கனி, படுக்கையில வேப்பிலை?"

"கொசு."

மதியம் குழம்பைத் தாளிக்கவில்லை. "ஏன், எண்ணெய் இல்லையா?" என்றார். தீர்ந்துபோச்சு என்றேன். அவர் அலமாரியைத் திறந்து முழுப் பாட்டிலைப் பார்த்துவிட்டு, என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாளிக்காத குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார். எனக்கு நாக்கில் ஒரு பக்கம் உப்பும் தெரியவில்லை, புளியும் தெரியவில்லை. தாளித்தால் என்ன, தாளிக்காவிட்டால் என்ன.

சாப்பிட்ட கையோடு, "மாத்திரை போட்டியா?" என்று மறுபடியும் கேட்டார். வாய்தான் கேட்கிறது, உள்ளுக்குள் அவருக்கு வேறு எண்ணம் இருக்கும்.

எங்கள் வீட்டில் எனக்கும் சின்ன அண்ணனுக்கும் சேர்ந்துதான் அம்மை போட்டது. அவனுக்கு மட்டும் அப்பா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய் ஊசி போட்டுக் கூட்டி வந்தார். அவனுக்கு ஒரு கண் போய்விட்டது. ஊசி போட்டதால்தான் ஆத்தா கண்ணை எடுத்துக்கொண்டாள் என்று அம்மா கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். பாவம், அம்மா படிக்காதவள். ஊசியால் கண் போகுமா? நானே பிள்ளைகளுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

இடது கண் எரிகிறது. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டேன்.

ஜூலை 24, வியாழன்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் குளியலறையில் தலை சுற்றிச் சுவரில் மோதிக்கொண்டேன். காது வலி மண்டைக்குள் போய்விட்டது. விசிலை எடுத்து ஊதிப் பார்த்தேன். புஸ் சத்தம்கூட வரவில்லை, எச்சில்தான் வந்தது. உட்கார்ந்து அழுதேன். அழுததற்கும் ஒரு கண்தான் ஒழுங்காக ஒத்துழைத்தது.

மூன்று மணிக்கு மேல் ஜெசிந்தா ரொட்டியும் பாலும் வாங்கிக்கொண்டு வந்தாள். தண்ணீர் எடுக்க அடுப்படிக்குள் போனவள், சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்த மருந்துக்கடைப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு மாத்திரைகூடப் பிரியாமல் இருந்தது.

"என்ன கனி இது?"

"அவரு விரதம் இருக்காரு. அம்மைன்னு தெரிஞ்சா மனசு சங்கடப்படுவாரு. அவருக்காகத்தான்..."

"அண்ணன் போடாதன்னு சொன்னாரா?"

"அவரு வாய் தொறந்து சொல்லுவாரா?"

ஜெசிந்தா நேராக அவருக்கு ஃபோன் போட்டாள். அடுத்த அரை மணி நேரத்தில் மில் காக்கிச் சட்டையோடு, கையில் கிரீஸ் கறையோடு, அதே கையில் மஞ்சள் காப்போடு வந்து நின்றார்.

"எனக்காக மாத்திரை போடலியாம்ல?" என்றார்.

"காப்புக் கட்டின வீடுங்க. அம்மைக் கிருமிங்க. மருந்து எடுத்தா..."

"அடி கூறுகெட்டவளே! எனக்குச் சுகர் வந்து ஒன்பது வருசமாச்சு. தினம் காலையில மாத்திரையை முழுங்கிட்டுத்தான் விரதம் இருக்கேன். மாத்திரையை முழுங்கிட்டுத்தான் தீச்சட்டி எடுக்கேன். ஆத்தா என்னைக்காவது ஏன்டான்னு கேட்டாளா? பூசாரிக்குப் பிரஷரு. அவரு தட்டுல திருநீறு ஒரு பக்கம், மாத்திரை ஒரு பக்கம் கெடக்கும். நீ பாத்ததில்லையா?"

பார்த்திருக்கிறேன்.

"எனக்காகன்னு என் தலையில கட்டாத கனி. பயமா இருக்குன்னு சொல்லு."

"எனக்கென்ன பயம்?" என்றேன். குரல் என்னவோ பெரிதாகத்தான் வந்தது. "பயம்" என்கிற சொல்லில் காற்று ஓரமாக ஒழுகிவிட்டது.

அவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். மாத்திரையைப் பிரித்துத் திருநீற்றுத் தட்டில் வைத்தார். சூடம் கொளுத்தி ஆத்தாள் படத்துக்குக் காட்டினார். "தாயே, ஊருக்கெல்லாம் விசில் அடிச்சு மெரட்டுறவ இங்க ஒரு மாத்திரைக்கு நடுங்குறா. நீயே எடுத்துக் குடு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்தார். சர்ச்சுக்குப் போகிற வேதக்கார ஜெசிந்தா சூடத்துக்கு முன்னால் கை கட்டி நின்றுகொண்டு, "முழுங்கு, நான் பாக்கணும்" என்றாள்.

முழுங்கினேன். தண்ணீரில் பாதி சேலையில் ஒழுகியது.

பிறகு அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்கு அவர்மேல் அன்பு பொங்கிக்கொண்டு வந்தது. அதைச் சொல்லவில்லை. சட்டையில் கிரீஸ் இருக்கிறது, மெத்தையில் உட்காராதீர்கள் என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 25, வெள்ளி

ஐந்து வேளையும் போட்டேன். மில்லில் இருந்த வேளைக்கெல்லாம் அங்கிருந்து ஃபோன் செய்தார். சூப்பர்வைசர் திட்டினாராம்.

ஜூலை 29, செவ்வாய்

கொப்புளம் காய்ந்து கறுத்துவிட்டது. வலி பாதிக்குப் பாதி. முகம் அப்படியேதான் இருக்கிறது. டாக்டர் புருவத்தைத் தூக்கச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார், கன்னத்தை உப்பச் சொன்னார். மூன்றிலும் ஃபெயில்.

"அன்னைக்கே மாத்திரை ஆரம்பிச்சிட்டீங்கல்ல?"

"ஆமா சார்."

என் வீட்டுக்காரர் சுவரில் இருந்த காலண்டரை ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார். நரம்பு மெதுவாகத்தான் திரும்பும், எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது, இடது காதில் கேட்பதும் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றார் டாக்டர். மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்றும் சொன்னார்.

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது, "டாக்டர்கிட்டயும் பொய்யா?" என்றார் இவர். ரெண்டு நாள் ஒரு பெரிய விஷயமா என்று கேட்டேன். அவர் வண்டியை உதைத்தார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தீச்சட்டி. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கோயில் வாசலில் நின்றேன். மேளம் வலது காதில் மட்டும்தான் முழுசாகக் கேட்டது. இடது காதில் தனியாக ஒரு ரீங்காரம், அது பாட்டுக்கு ஓடுகிறது. இவர் சட்டியோடு என்னைத் தாண்டிப் போகும்போது நாக்கை நீட்டி, மாத்திரை போட்டாயிற்று என்று ஜாடை காட்டினார். சாமி வந்த ஆள் செய்கிற வேலையா?

நான் ஆத்தாளிடம் நேராகவே கேட்டேன். எனக்குக் கண் வேண்டும், விசில் வேண்டும். கேட்பதில் என்ன வெட்கம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மாத்திரை எல்லாம் முடிந்தது. பள்ளிக்கூடம் போனேன். எல்லோரும் என் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தார்கள். எனக்கு இந்த மரியாதை பிடிக்காது. மைதானத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, "டீச்சருக்குப் பாதி முகம் லீவுல இருக்கு. மீதிப் பாதி டியூட்டில இருக்கு. யாருக்காவது சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சுத் தொலைங்க" என்றேன். ஒன்றும் சிரிக்கவில்லை. பிறகு ஒருத்தி ஆரம்பித்தாள், மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன். நான் சிரித்தால் வாய் வலது காதுக்குப் போகிறது என்று கண்டுபிடித்து மறுபடியும் சிரித்தார்கள்.

கைதட்டியே பயிற்சி கொடுத்தேன். உள்ளங்கை சிவந்துவிட்டது.

ஆகஸ்ட் 20, புதன்

பிசியோதெரபி. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து மெதுவாகப் புருவம், மெதுவாக உதடு, காலையில் பத்து, மாலையில் பத்து. நான் வீட்டில் இருநூறு செய்தேன். பயிற்சி கொடுக்கிற பெண் கண்டுபிடித்துவிட்டாள். "மேடம், இது தண்டால் இல்ல. நரம்பை மெரட்ட முடியாது. தப்பாப் பழகுனா வாயை அசைக்கும்போது கண்ணும் சேர்ந்து மூடிக்கிடும்" என்றாள். என் வயசில் பாதி இருக்க மாட்டாள். என்னைத் திட்டுகிறாள். சரி என்றேன்.

ஜெசிந்தா, தேர்வை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாமே என்றாள். பார்க்க முடியாது என்றேன். "உனக்குப் புத்தியே வராதா?" என்றாள். புத்தி வரும், விசில்தான் இன்னும் வரவில்லை என்றேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இடது கண் மூடுகிறது! முழுசாக இல்லை, வெள்ளை ஒரு நூல் அளவு தெரிகிறது என்று இவர் டார்ச் அடித்துப் பார்த்துச் சொன்னார். கண்ணில் புண் இல்லை என்று கண் டாக்டரும் நேற்று சொல்லிவிட்டார். நான் எழுந்து வீடு முழுக்கச் சுற்றி வந்தேன். கண் தப்பியது, கண் தப்பியது என்று வாய்விட்டுச் சொன்னேன். எனக்கு அவ்வளவு நிம்மதி ஏன் என்று அவர் கேட்கவில்லை.

வலது ஓரத்தில் விசிலை வைத்து, உதட்டை நெருக்கிப் பிடித்து ஊதினால் சத்தம் வருகிறது. பழைய சத்தத்தில் கால்வாசி. மூன்று முறை ஊதினால் ஒருமுறை ஏமாற்றுகிறது.

செப்டம்பர் 6, சனி

விசில் பத்துக்கு ஏழு. குழம்பில் புளி தெரிந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

மதுரை. நான் வேண்டாம் என்றாலும் இவர் கேட்காமல் கூடவே வந்தார். பஸ்ஸில் இடது பக்கம் அவர் உட்கார்ந்துகொண்டு பேசியது பாதி எனக்குக் கேட்கவில்லை. நல்லதுதான், எல்லாம் புத்திமதி.

எனக்கு முன்னால் நான்கு பேர். மூன்று பேர் ஆண்கள். விசில் காதைப் பிளந்தது. எனக்குப் பொறாமை வந்தது, அதை மறைக்கவில்லை.

என் முறை வந்தது. மேட் விரித்த களத்தில் இறங்கினேன். முதல் பாதி, என் வாழ்க்கையில் அப்படி நடத்தியதில்லை. ஒவ்வொரு புள்ளியும் சரி, ஒவ்வொரு சைகையும் சரி. விசில் வலது ஓரத்திலிருந்து சின்னதாக வந்தாலும் வந்துகொண்டிருந்தது. இரண்டாம் பாதியில் வேர்த்துக் கொட்டியதில் உதடு வழுக்கியது. ரெய்டு வந்த பெண்ணும் பிடித்த பெண்ணும் ஒரே பாய்ச்சலில் கோட்டுக்கு வெளியே போனார்கள். அந்த நொடியில் ஊதினேன். புஸ். மறுபடியும் புஸ். ஆட்டம் நிற்கவில்லை, ஒரு பெண் இன்னொருத்தி மேல் விழப் போனாள்.

"நில்லுங்க!"

என் குரல்தான். பக்கத்துக் களத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்களும் நின்றுவிட்டார்கள். கையை உயர்த்தித் தீர்ப்பைச் சொன்னேன். ஆட்டத்தை முடித்துக் கொடுத்தேன்.

தேர்வாளர் நரைத்த மீசைக்காரர். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தீர்ப்பு எல்லாம் சரிம்மா. சைகை பிரமாதம். ஆனா விசில் இல்லையே. குரலுக்கு மார்க் கெடையாது."

"தெரியும் சார்."

"முகத்துல என்ன, பக்கவாதமா?"

"இல்ல சார். அக்கி. காதுல வந்து முக நரம்பைப் பிடிச்சிருச்சு."

"அடடா. அதுக்கு மருந்தே கெடையாதாம்மா?"

"இருக்கு சார். நல்ல மருந்து. உடனே ஆரம்பிக்கணும். நான் ரெண்டு நாள் தாமதமா ஆரம்பிச்சேன்."

"ஏம்மா? டாக்டர் சொல்லலையா?"

டாக்டர் சொன்னார். சொல்லுவதற்கு என்னிடம் எத்தனையோ இருந்தது. காப்புக் கட்டின வீடு, கணவரின் விரதம், எங்கள் அம்மாவின் நம்பிக்கை, அண்ணனுடைய கண். என் வீட்டுக்காரர் பத்தடி தள்ளித் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு நின்றார். வாயைத் திறந்தேன்.

"பயந்துட்டேன் சார்."

அவர் பேனாவை எடுத்து, டிசம்பரில் மறு களத் தேர்வு என்று என் பெயருக்கு நேராக எழுதினார். "வருவீங்களா?" என்றார்.

"வருவேன் சார்" என்றேன். இவர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். நான் குடித்தேன், கொஞ்சம்தான் ஒழுகியது.